பழைய விதியும் புதிய பற்றரியும்

மூன்று வருடங்களுக்கு முன்னர் எமது ஊர்க் கோவிலில் நடந்த திருவிழாவின் வெஸ்பர் மாலை அது. கோவில் நிறைந்து, வெளி முற்றத்திலும் பந்தலின் கீழும் சனங்கள் நின்றார்கள். பிரசங்கத்தின் நடுவில் குருவானவரின் கையிலிருந்த கம்பியில்லா ஒலிவாங்கி நின்றுவிட்டது. கரகரப்பு இல்லை, ஒலி குறைந்து குறைந்து போகவும் இல்லை. நூல் அறுந்தாற்போல ஒரு கணத்தில் நின்றது. பற்றரி நிறைவாக இருக்கிறது என்று காட்டும் கோடுகள் சற்று முன்னர்வரை அதன் சிறு திரையில் இருந்தனவாம். இளைஞன் ஒருவன் ஓடிப்போய்க் கொண்டுவந்த மாற்றுச் சோடியும் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்தது. "மாஸ்ரர், நீங்கள் சொன்னபடிதானே செய்தனாங்கள்?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். எனக்கு மறுமொழி இல்லை. அவன் சொன்னது உண்மை.

நான் சொல்லிக்கொடுத்திருந்தது இதுதான்: பற்றரியை மீண்டும் மின்னேற்றுமுன் அதிலுள்ளதை ஒரு துளியும் மிஞ்சாமல் இறக்கிவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அந்தச் சோடியைப் பழைய குமிழ் ரோச் லைற்றிற் போட்டு விடியும்வரை எரியவிட்டு, பின்னரே மின்னேற்றியில் வைத்தார்கள். மிகுந்த ஒழுங்குடனேயே செய்தார்கள். புதிதாக வாங்கிய நான்கு பற்றரிகளும் ஆறு மாதத்தில் உயிர் விட்டதற்கு அந்த ஒழுங்கே காரணம்.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. கம்பியில்லா ஒலிவாங்கி, சில்லுப் பூட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி, கடலுக்குப் போவோரின் கைவானொலி என்று எத்தனையோ கருவிகள் எமது வாழ்வில் நுழைந்துவிட்டன. ஆனால் அவற்றின் பற்றரியைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நாற்பது வருடங்களுக்கு முந்திய பாடம். அந்தப் பாடம் பொய்யல்ல. அது வேறொரு பற்றரிக்கு உரியது.

அந்த வேறு பற்றரி நிக்கல் கட்மியம் எனப்படுவது. சுவீடன் நாட்டவரான வால்டெமர் யுங்னர் 1899 இல் அதை ஆக்கினார். 1970, 1980 ஆண்டுகளில் கையிற் கொண்டுதிரியும் கருவிகளுக்கு மின்னேற்றக்கூடிய பற்றரி என்றால் பெரும்பாலும் இதுவே. பொலிசாரின் வோக்கி ரோக்கி, படப்பிடிப்பாளரின் மின்னொளி விளக்கு எல்லாம் இதிலேயே இயங்கின. இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகவே உபயோகித்து உடனே மின்னேற்றி வந்தால், நாளடைவில் அந்தக் கொஞ்சத்துக்குப் பின் அழுத்தம் விழுந்துவிடும். பூமியைச் சுற்றும் செய்மதிகளில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு இறங்கி ஒரே அளவு ஏறிய பற்றரிகளில் இந்தக் குணத்தை முதலில் தெளிவாகக் கண்டார்கள். பற்றரி தான் செய்துவந்த வேலையின் அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. நினைவு என்பது உவமை மாத்திரமே. உள்ளே கட்மியத்தின் நுண் பளிங்குகள் பெருத்துத் தடித்து, வேலை செய்யும் மேற்பரப்பு குறைந்துபோவதே இதன் காரணம். இடையிடையே நன்றாக இறக்கி ஏற்றினால் அந்தப் பளிங்குகள் மீண்டும் சிறுக்கும். இறக்கி ஏற்று என்ற விதி இப்படித்தான் பிறந்தது.

அந்த விதியையும் நான் அரைகுறையாகவே கற்றிருந்தேன் என்பதைப் பின்னர் அறிந்தேன். நன்றாக இறக்குவது என்றால் ஒரு கலத்துக்கு 1 வோல்ற்று என்ற அளவுவரை இறக்குவதே, வெறுமையாகும்வரை அல்ல. இரண்டு மூன்று கலங்களைத் தொடராக வைத்து விடியும்வரை எரியவிட்டால் நடப்பது வேறு. ஒரு வண்டியில் முன்னும் பின்னுமாகப் பூட்டிய இரு மாடுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று களைத்து விழுந்த பின்னும் மற்றது இழுத்துக்கொண்டே போனால், விழுந்தது நிலத்தில் இழுபடும். அவ்வாறே, முதலில் வெறுமையாகும் பலவீனமான கலத்தினூடே மற்றக் கலம் மின்னோட்டத்தைத் தலைகீழாகத் தள்ளுகிறது. நேர்முனை எதிர்முனையாக மாறுகிறது. உள்ளே வாயு உண்டாகி, கலம் கசியத் தொடங்கும். எமது ரோச் லைற் வாரந்தோறும் செய்த வேலை இதுதான்.

அலுமாரியில் மூன்று குணங்கள்

திருவிழா முடிந்த மறுநாள் கோவிலின் பொருளறை அலுமாரியைத் திறந்து, அங்கிருந்த பற்றரிகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒலிவாங்கியில் இருந்தவை விரலளவான டபிள் ஏ கலங்கள். அவற்றின் உறையில் ஆங்கிலத்தில் என், ஐ, எம், எச் என்ற எழுத்துக்கள் இருந்தன. அது நிக்கல் உலோக ஐதரைட்டு. சில்லுப் பூட்டிய ஒலிபெருக்கிப் பெட்டியினுள் 12 வோல்ற்றுக் கறுப்புக் கட்டி ஒன்று இருந்தது. அது மூடப்பட்ட ஈய அமிலப் பற்றரி. மோட்டார் வாகனத்தில் உள்ளதன் தம்பி. கைத்தொலைபேசியிலும், சம்மாட்டியார் ஒருவர் திருவிழாப் பாதுகாப்புக்கு இரவல் தந்த கைவானொலியிலும் இருந்தது லிதியம் அயன். ஒரே அலுமாரியில் மூன்று சாதிப் பற்றரிகள். நாமோ மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து வந்தோம்.

ஈயப் பற்றரி எப்போதும் நிறைந்திருக்க விரும்புவது. லிதியம் நிறைந்திருப்பதையும் விரும்பாது, வெறுமையாவதையும் விரும்பாது. நடுவில் இருந்தால் நெடுநாள் வாழும். நிக்கல் உலோக ஐதரைட்டு இவை இரண்டுக்கும் இடையில் ஓரளவு பொறுமையுள்ளது. ஆனால் அதிக வெப்பத்தையும், அளவு மீறிய மின்னேற்றத்தையும் தாங்காது. இந்த மூன்று வரிகளை நான் முன்னரே அறிந்திருந்தால் அன்றைய பிரசங்கம் தடைப்பட்டிராது.

முதலில் நிக்கல் கலங்களைப் பார்ப்போம். வீடுகளில் மிகுதியாகக் கெடுக்கப்படுபவை அவைதான்.

கலத்தின் உறையில் 2000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது 200 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் பத்து மணித்தியாலம் கொடுக்கவல்லது என்பது பொருள். கிணற்றுத் தொட்டியின் கொள்ளளவைப் போன்றது இது. மின்னேற்றும்போது அதே 200 மில்லி அம்பியரைப் பத்து மணித்தியாலம் கொடுத்தாற் போதுமே என்று தோன்றும். போதாது. கொடுப்பதில் ஒரு பகுதி வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாகிறது. ஆகவே வெறுமையான கலத்துக்கு, அதன் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 தொடக்கம் 16 மணித்தியாலம்வரை வேண்டும். மலிவான மின்னேற்றிகள் பல இந்த முறையிலேயே இயங்குகின்றன. கலம் நிறைந்தது என்பதை அறியும் புத்தி அவற்றுக்கு இல்லை. நேரத்தைப் பார்த்து நீங்கள்தான் கழற்ற வேண்டும். சனி மாலை வைத்துத் திங்கள் காலை எடுப்பது எமது வழக்கமாயிருந்தது! பாதி இறங்கிய கலத்தையும் அதே நேரம் வைப்போம். எவ்வளவு பிழை என்று இப்போது விளங்கும்.

நல்ல மின்னேற்றி வேறு விதமானது. நிக்கல் கலம் நிறைந்தவுடன் அதன் அழுத்தம் ஏறுவதை விட்டுச் சிறிதளவு கீழே சரியும். ஒரு கலத்துக்குச் சில மில்லி வோல்ற்று மாத்திரமே. அதே வேளையில் சூடும் விரைவாக ஏறும். இந்தச் சரிவையும் சூட்டையும் கவனித்து மின்னோட்டத்தைத் தானாக நிறுத்துவதே அந்த மின்னேற்றியின் திறமை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியான வெளிச்சம் உள்ளதா? அல்லது இரண்டிரண்டாகத்தான் வைக்க வேண்டுமா? சோடியாக வைக்கும் மின்னேற்றியில், ஒரு கலம் முக்கால் நிறைவுடனும் மற்றது வெறுமையாகவும் இருந்தால், ஒன்று வெந்துபோகும் அல்லது மற்றது அரைகுறையில் நிற்கும். தனித்தனியாக ஏற்றுவது விலை சற்று அதிகமானாலும் அந்தப் பணம் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடும். முடியும் தறுவாயில் கலம் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையிற் பிடிக்க முடியாத சூடு இயல்பல்ல.

இனி, திரையில் கோடுகள் நிறைந்திருக்க ஒலிவாங்கி எவ்வாறு நின்றது என்ற கேள்வி. கடையில் வாங்கி எறியும் அல்கலைன் கலம் 1.5 வோல்ற்றில் தொடங்கி, உபயோகிக்க உபயோகிக்க மெல்ல மெல்லச் சரிந்து வரும், குன்றிலிருந்து இறங்கும் பாதையைப் போல. அதன் சரிவைப் பார்த்து மிகுதி எவ்வளவு என்று கருவி கணக்கிடலாம். நிக்கல் கலமோ 1.2 வோல்ற்றில் மேசைபோலச் சமமாக நின்று, கடைசியில் கிணற்றில் விழுவதுபோல விழும். அல்கலைன் கலத்துக்கென்று அமைத்த அளவுகாட்டி, நிக்கல் கலத்தைப் பார்த்து ஏமாறுகிறது. சில கருவிகளில் தொடக்கத்திலிருந்தே ஒரு கோடு குறைவாகக் காட்டும். சிலவற்றில் கடைசி நிமிடம்வரை நிறைவாகக் காட்டும். கருவியின் அமைப்புப் பட்டியலில் பற்றரியின் வகையைத் தெரிவுசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த வசதி இல்லாவிட்டால் கோடுகளை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு நாளில், நன்றாக மின்னேற்றிய சோடியை ஒலிவாங்கியில் இட்டு, அதை இயக்கி மேசையில் வைத்து, எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று எழுதுங்கள். ஏழு மணித்தியாலம் ஓடினால், அந்தச் சோடியை நான்கு மணித்தியால வேலைக்குமேல் நம்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திருப்பிச் செய்தால் எந்தச் சோடி கிழடாகிறது என்பது தானாகவே தெரியவரும். கிழடானதை எறியத் தேவையில்லை. சுவர் மணிக்கூட்டுக்கு அனுப்பலாம்; அங்கே வேலை குறைவு.

மின்னேற்றி வைத்த நிக்கல் கலம் சும்மா இருக்கும்போதே இறங்கிவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பழைய முறையிலான கலம் ஒரு மாதத்தில் இருபது, முப்பது வீதத்தை இழக்கும். எமது சூட்டில் இன்னும் அதிகம். 2005 ஆம் ஆண்டில் இவ்விழப்பைப் பெரிதும் குறைத்த புதுவகைக் கலங்கள் சந்தைக்கு வந்தன. அவை ஒரு வருடம் சும்மா இருந்தாலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கும். மின்னேற்றிய நிலையிலேயே விற்கப்படுபவை அவை. உறையிலும் அவ்வாறு எழுதியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை மாத்திரம் உபயோகிக்கும் ஒலிவாங்கிக்கு இவையே தகுந்தவை. 2700, 3000 என்று பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது எமது பலவீனம். பெரிய எண் பொறித்த கலங்கள் பல கெதியாகவே இறங்கி, கெதியாகவே கிழடாகின்றன.

பழைய ஒலிவாங்கிகள் சிலவற்றில் சதுர வடிவான 9 வோல்ற்றுப் பற்றரி உண்டு. மின்னேற்றக்கூடியதை அதற்கு வாங்கினால் 7.2 அல்லது 8.4 வோல்ற்றுத்தான் கிடைக்கும். கொள்ளளவும் அல்கலைனின் பாதிக்குக் குறைவு. திருவிழா நாட்களில் புது அல்கலைனைப் போட்டுவிடுவதே புத்தி.

முழுதாய் இறக்கும் பழைய விதி இந்தக் கலத்துக்குப் பொருந்துமா என்றால், மிகச் சிறிதளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருவியிலேயே வைத்து, கருவி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மின்னேற்றினாற் போதும். ரோச் லைற் வேண்டாம்.

லிதியம்

லிதியம் அயன் பற்றரியை யப்பானிய சோனி நிறுவனம் 1991 இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்கம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கலமே 3.6 அல்லது 3.7 வோல்ற்றுத் தருவதால் மூன்று நிக்கல் கலங்களின் வேலையை அது செய்கிறது. எடையும் குறைவு.

இதற்கு அந்த நினைவுக் குணத்தின் தொல்லை கிடையாது. ஆகவே முழுதாய் இறக்கி ஏற்றுவதால் நன்மை ஒன்றும் இல்லை, தீமையே உண்டு. ஒரு கலம் சுமார் 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால், உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அதன்பின் மின்னேற்றினாலும் அக்கலம் நம்பத்தக்கதல்ல. பற்றரியினுள் இருக்கும் சிறு பாதுகாப்புச் சுற்று அதற்கு முன்னரே வாசலைப் பூட்டிவிடும். அலுமாரியில் ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்த பற்றரி செத்துப்போய்க் காணப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதை வேறு கம்பி கொடுத்து வலுக்கட்டாயமாக எழுப்பிவிடும் வித்தையைச் சில திருத்துநர்கள் செய்வார்கள். வீட்டில் ஒருபோதும் செய்ய வேண்டாம்.

மறுபக்கத்தில், 4.2 வோல்ற்று என்ற முழு நிறைவில் நெடுநேரம் நிற்பதும் அதற்குச் சுமை. அதனுடன் வெப்பமும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. பற்றரித் துறையில் வழமையாகக் காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 40 வீத நிறைவுடன் 25 பாகை வெப்பநிலையில் ஒரு வருடம் வைக்கப்பட்ட கலம் தன் கொள்ளளவில் 96 வீதத்தைக் காப்பாற்றும். முழு நிறைவுடன் 40 பாகையில் வைக்கப்பட்டதோ 65 வீதத்துடன் நிற்கும். தகரக் கூரையின் கீழ் மத்தியான வேளையில் 40 பாகை என்பது எமக்குப் புதிதல்ல. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்த காலத்தில், மின்சாரம் உள்ள நேரமெல்லாம் தொலைபேசியைக் கொழுவியே வைத்துப் பழகினோம். அன்று அது வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தலையணையின் கீழ் வைத்து இரவு முழுவதும் மின்னேற்றும் பிள்ளைகளை அதிலிருந்து மறக்கச் செய்யுங்கள். சூடு போக வழியில்லாத இடம் அது. நாளாந்த உபயோகத்தில் இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்துக்கொண்டால் பற்றரியின் ஆயுள் நன்றாக நீளும்.

ஆனால் இந்த அறிவுரையைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். கடலுக்குப் போகும் உறவினர்களிடம் உள்ள கைவானொலியைப் பற்றி இங்கு விசேடமாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் பற்றரி இத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒரு கணக்கின் பேரில். நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் கேட்டு, தொண்ணூறு நிமிடம் மௌனமாகக் காத்திருந்தால் என்பதே அந்தக் கணக்கு. பேசும் விசையை அழுத்தும்போது கருவி எடுக்கும் மின்னோட்டம், காத்திருக்கும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு. படகுக்குப் படகு ஊர்க்கதை பேசுபவரின் பற்றரி நள்ளிரவிலேயே தீர்ந்துவிடும். பக்கத்துப் படகுடன் பேச 1 வாற்றுப் போதும். 5 வாற்று வலுவைத் தூரத்துக்கும் ஆபத்துக்கும் வைத்திருக்கலாம். உதவி கேட்பதற்குரிய 16 ஆம் அலைவரிசையில் ஒருமுறையேனும் உரத்துக் கூப்பிடுவதற்கான மின்சாரம் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே கடலுக்குப் போகும் மாலையில் பற்றரியை நூறு வீதமும் நிரப்புங்கள். ஆயுள் சில மாதம் குறைந்தாற் குறையட்டும். பற்றரியை மாற்றிக்கொள்ளலாம். திரும்பி வந்தபின், கருவி நீர் புகாதது என்றால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுதாய்க் காயவிட்டு, அதன் பின்னரே மின்னேற்றியில் வைக்க வேண்டும். ஈர உப்புடன் வைத்தால் முனைகள் பச்சை பூத்து அரிக்கும். மேலதிகப் பற்றரியைச் சட்டைப்பையில் சில்லறைக் காசுடனோ திறப்புக் கோவையுடனோ போடாதீர்கள். இரு முனையும் உலோகத்தால் இணைந்தால் பை தீப்பற்றும்.

லிதியம் பற்றரி ஒன்று பருத்து, கருவியின் முதுகைத் தள்ளுகிறதைக் கண்டால் அதை அழுத்திப் பார்க்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. உள்ளே நிறைந்திருப்பது எரியக்கூடிய வாயு. மின்னேற்றுவதை உடனே நிறுத்தி, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் எட்டாத இடத்தில் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டுத் திருத்துநரைக் கூப்பிடுங்கள். இன்னும் ஓடுகிறதே என்று உபயோகிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே பயம்.

ஈயம்

பிரெஞ்சு நாட்டவரான கஸ்தோன் பிளான்தே 1859 இல் கண்ட ஈய அமிலப் பற்றரிதான் இவை எல்லாவற்றிலும் மூத்தது. ஒலிபெருக்கிப் பெட்டியினுள் அது ஒளிந்திருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். திருவிழாவுக்கு எடுத்து, கடைசி நாள் சுற்றுப்பிரகாரத்தில் ஓயும்வரை ஓடவிட்டு, அப்படியே பொருளறையில் தள்ளிவிட்டு, அடுத்த வருடம் எடுத்தால் அது செத்திருக்கும். வெறுமையாகக் கிடக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் கல்லாக உறைந்துவிடுவதே காரணம். இதை முறியடிக்க வழி இலகுவானது: உபயோகித்த அன்றிரவே மின்னேற்றுங்கள். சும்மா இருக்கும் மாதங்களிலும் மாதமொருமுறை ஒரு இரவு கொழுவி விடுங்கள், காற்றோட்டமான இடத்தில். மல்ரிமீற்றர் உள்ளவர்கள், ஆறுதலாக இருக்கும் பற்றரியை அளந்து பார்க்கலாம். 12.6 வோல்ற்றுக்கு மேல் என்றால் நிறைவு, 12.2 அளவில் என்றால் பாதி. 12 க்குக் கீழ் என்றால் இன்றே மின்னேற்ற வேண்டியது.

வெய்யிலைப் பற்றியும் ஒரு சொல். 1990 இன் பின்னர் வடக்கில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த வருடங்களை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஓய்ந்துபோன பற்றரியை வெய்யிலிற் காயவைத்து, இன்னும் கால் மணித்தியாலம் உயிர் பெற்றோம். அது மாயமல்ல. சூட்டில் உள்ளேயுள்ள இரசாயன மாற்றம் விரைவாகிறது. எஞ்சியிருந்த கொஞ்சம் வெளியே வருகிறது. எறியப்போகும் கலத்துக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் அதே சூடு, நெடுநாள் வாழவேண்டிய பற்றரியினுள் முதுமையையும் விரைவாக்கும். 10 பாகை கூடினால் முதுமை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வரும் என்பது பொதுவான கணக்கு. பெரியவர்கள் சிலர் இன்றும் தொலைபேசிப் பற்றரியைக் கழற்றி மதிலில் காயவைப்பதைக் கண்டிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வைப்போரும் உண்டு. அதில் ஈரம் படிவதுதான் மிச்சம். வீட்டில் நிழலான, காற்றோட்டமான தட்டு ஒன்றே போதும்.

முனைகளைச் சுத்தம் செய்வது சிறு வேலை. அழுக்கும் மெல்லிய துருவும் அழிறப்பரால் தேய்த்தாற் போகும். அல்கலைன் அல்லது நிக்கல் கலம் கசிந்து வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அது காரம். பற்றரியைக் கழற்றிவிட்டு, வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சிறிது தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஈரத் துணியாலும் உலர்ந்த துணியாலும் துடையுங்கள். ஈயப் பற்றரியிலிருந்து கசிவது அமிலம். அதற்கு அப்பச்சோடாக் கரைசல். மாறிச் செய்தால் பயனில்லை.

எமது கோவிலில் இப்போது புதிய கலங்கள் நான்கு இருக்கின்றன. வாங்கிய மாதத்தையும் அ, ஆ என்ற சோடி எழுத்தையும் அழியாத மையால் அவற்றில் எழுதிவிட்டோம். பிரிந்து கலக்காமல் இருக்க இது வேண்டும். அன்று என்னைக் கேள்வி கேட்ட இளைஞனே இப்போது பொறுப்பு. மணித்தியாலக் கணக்கை அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வருகிறான்.

செத்துப்போன கலங்களை என்ன செய்வது என்று அவன் கேட்டான். குப்பையுடன் எரிக்கவும் கூடாது, கிணற்றடியில் புதைக்கவும் கூடாது என்றேன். எமது குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக ஊர்ந்து கிணற்றுக்கு வருவது. பழைய நிக்கல் கலங்களிலுள்ள கட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும் நஞ்சு. யப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை எலும்பு நோவால் வாட்டிய நோய்க்குச் சுரங்கத்திலிருந்து ஆற்றிற் கலந்த கட்மியமே காரணம் என்று 1968 இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டிலேயே கையடக்கப் பற்றரிகளில் கட்மியத்தைப் பெருமளவு தடைசெய்துவிட்டது. எனது மேசை லாச்சியில் 1980 களின் நிக்கல் கட்மியக் கலங்கள் ஏழு இன்னும் கிடந்தன. அவற்றின் முனைகளுக்கு ஒட்டுநாடா ஒட்டி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, இலத்திரனியற் கழிவு சேகரிக்க வருபவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலுமாரியின் மேற்தட்டில் வைத்திருக்கிறேன்.